மண்சரிவும் மானியமும்: மலையக வரலாறு உணர்த்தும் உண்மை

ஆற்றுப் பெருக்கையும் சூறாவளியையும் மண்சரிவையும் 'இயற்கை அனர்த்தம்' என்னும் ஒரே தொடரால் குறிப்பிடுதல் இன்று வழக்காகிவிட்டது. அனர்த்தம் என்பது வடசொல். அர்த்தம் என்பதன் எதிர்மறை. அர்த்தம் என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் பொருள். அது சொல்லின் கருத்தையும் குறிக்கும். மனிதர் ஈட்டும் செல்வத்தையும் குறிக்கும். இயற்கை அனர்த்தம் என்று நாம் சொல்லும்பொழுது, காரணம் காண முடியாத, எவரும் பொறுப்பேற்க வேண்டாத ஒரு கேடு என்னும் எண்ணம் நம்மை அறியாமலே நம் உள்ளத்திற் புகுந்துவிடுகின்றது. ஆயின் வரலாற்றை ஊன்றி நோக்குவோர் இவ்வெண்ணத்தை ஏற்றல் இயலாது. மழை பெய்வது இயற்கை. அம்மழையில் எவருடைய வீடு புதையும் என்பதோ நெடுங்காலமாக மனிதர் செய்துவந்த ஏற்பாடுகளால் முடிவு செய்யப்படுகின்றது.

2025ஆம் ஆண்டு நவெம்பர் மாத இறுதியில் 'டித்வா' சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது அறுநூறுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். மேலும் பலர் காணாமற் போயினர். சூறாவளியென்றாற் கரையோரத்தை அலைக்கழிக்கும் காற்றென்றே எண்ணிப் பழகியது நம் நாடு. அந்நாட்டிலே கண்டி, பதுளை, நுவரெலியா முதலிய மலை மாவட்டங்கள் பெருந்தொகையான உயிர்களை இழந்தன. காற்றினும் பன்மடங்கு கொடியதாக மலைச்சரிவு அமைந்தது.

இத்துயரின் பின்னர் எங்கும் எழுந்த வினாக்கள் மூன்று. அரசிடம் முன்னறிவு இருக்கவில்லையா? திட்டம் இருக்கவில்லையா? பணம் இருக்கவில்லையா? போதிய அளவிற் கூறமுடியாதெனினும் இம்மூன்றும் ஓரளவு இருந்தன என்பதே விடை. அங்ஙனமாயின் அவை எவரை எட்டின, எவரை எட்டவில்லை, ஏன் எட்டவில்லை என்பனவே ஆராயத்தக்கன. அதற்கு மலையகத்தின் இருநூறாண்டு வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

1

1815இற் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்டது. 1820களிற் கம்பளைப் பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உரிமைச் சான்று காட்ட இயலாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் அரசுக்கு உரியன ஆக்கிற்று. அரசு அவற்றைத் தோட்டக்காரருக்கு விற்றது. பழைய கண்டிக் கிராமங்கள் பள்ளத்தாக்குகளில் வயல்களை அடுத்து அமைந்திருந்தன. அவற்றின் மேலே காடு நின்றது. மழைநீரைத் தாங்கி, வேர்களால் மண்ணைப் பிணித்து நின்ற அக்காடு வெட்டி எரிக்கப்பட்டது. 1869 முதற் கோப்பியை நோய் பற்றி அழித்தது. ஆயினும் மலைக்கு ஓய்வு கிடைக்கவில்லை. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, நூற்றாண்டின் முடிவுக்குள் ஏறத்தாழ நான்கு இலட்சம் ஏக்கர் வரை பரவிற்று.

இதன் ஆபத்தை அக்காலத்தவர் அறியாதிருந்தனர் என்று எண்ணுதல் தவறு. 1873இல், கியூ தாவரவியற் பூங்காவின் இயக்குநராக விளங்கிய ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாது விடுமாறு பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை கூறினார். அவ்வுயரத்துக்கு மேலே காடு வெட்டுவதைத் தடுக்கும் ஆணையும் பிறந்தது. மலைநாட்டைப் பொறுத்தவரை அரசு மேற்கொண்ட முதலாவது பெரிய தணிப்பு நடவடிக்கை இதுவே எனலாம். ஆனால் அது நீரூற்றுகளையும் தட்பவெப்பத்தையும் காப்பதை நோக்கமாகக் கொண்டது. ஐயாயிரம் அடிக்குக் கீழே, மொட்டையாக்கப்பட்ட சரிவுகளில் வாழ்ந்த மனிதர் அக்கணக்கில் வரவில்லை.

அம்மனிதர் யாவர்? திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் உந்தப்பட்டுக் கங்காணிமாரின் பின்னே வந்தவர்கள். அவர்களுக்கெனக் கட்டப்பட்டவை, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பிராக்கள் வரிசையாய் அமைந்த லயங்கள். லயத்தை எங்கே கட்டுவது என்பதைத் தீர்மானித்தது தோட்டத்தின் வசதியே. தேயிலைக்கு ஏற்ற நிலத்தை வீடுகளுக்குக் கொடுத்தல் வீண்செலவெனக் கருதப்பட்டது. ஆகவே தேயிலை வளராத ஒதுக்கிடங்களிலும், சரிவுகளின் அடியிலும், நீரோடைகளின் ஓரத்திலும் லயங்கள் பெரும்பாலும் எழுந்தன. நல்ல நிலமும் நல்ல காட்சியும் அமைந்த மேட்டிலே துரையின் பங்களா நின்றது. இன்று மண்சரிவு அபாய வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தோட்டத்தைச் சுற்றிவருவோர், நூறாண்டுக்கு முந்திய இவ்வர்க்க ஒழுங்கையே அவ்வரைபடத்தின் நிறங்களிற் காணக்கூடும்.

2

அரசின் திட்டமிடல் எங்கெங்கே சென்றது என்பதையும் இத்துடன் ஒப்பிட்டு நோக்குதல் தகும். 1924இல் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. களனி கங்கையின் பெருக்கினின்றும் கொழும்பு நகரைக் காப்பதற்கு அணைகள் எழுந்தன. துறைமுகமும் வணிக நிலையங்களும் அமைந்த தலைநகர் அது. அங்கே காக்கப்பட வேண்டிய சொத்து இருந்தது. சுதந்திரத்தின் பின்னர், 1951இல், மண்பாதுகாப்புச் சட்டம் வந்தது. மலைநாட்டு மண் அரித்துச் செல்லப்படுவது பயிருக்கும் ஆற்றுக்கும் கேடு என்பதை அச்சட்டம் சரியாகவே உணர்ந்திருந்தது. அம்மண்ணின் மேலே குடியிருந்தோர் மண்ணோடு சேர்ந்து சரியக்கூடும் என்னும் நினைவுக்கு அங்கே இடமிருக்கவில்லை.

இதற்குக் காரணம் சட்டம் எழுதியோரின் இரக்கக் குறைவு மட்டுமென்று கூறி நாம் அமைந்துவிடலாகாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்கில்லாத மக்களின் கூரைக்கு மேலே மலை விரிந்திருக்கின்றது என்று பாராளுமன்றத்திற் கேள்வி எழுப்பும் கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களை எண்ணிக்கையாகப் பிரித்துக்கொண்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோதும் லயத்து நிலம் தொழிலாளருக்கு உரியதாகவில்லை. 1992இல் முகாமை மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. நிலம் அரசினது, குத்தகை கம்பனியினது, குடியிருப்பு தொழிலாளியினது என்னும் முக்கூற்று நிலை ஏற்பட்டது. இம்மூவருள் மலை சரிந்தால் உயிரிழப்பவர் ஒருவரே.

உள்ளூராட்சியிலும் இந்நிலையே நீடித்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. கிராமத்துப் பாதைக்கும் வடிகாலுக்கும் மதகுக்கும் ஒதுக்கப்படும் பணம் தோட்ட எல்லைக் கல்லைக் கண்டவுடன் நின்றுவிட்டது. பிரஜாவுரிமைச் சிக்கல் தீர்ந்து, தோட்டத்து மக்கள் தம் வாக்கினால் உறுப்பினரைச் சபைக்கு அனுப்பத் தொடங்கிய பின்னரும் இத்தடை நீங்கவில்லை. 2018ஆம் ஆண்டிலேதான் அப்பிரிவு திருத்தப்பட்டது. அனர்த்தத் தணிப்பென்பது பெரும்பாலும் வடிகால், மதகு, தாங்குசுவர் முதலிய சிறு வேலைகளின் தொகுதி என்பதை நினைவிற் கொள்ளுவோமாயின், இம்முப்பதாண்டுத் தடையின் பொருள் நன்கு விளங்கும்.

3

அறிவைப் பொறுத்தவரை நம் நாடு வறியதன்று. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 1984இல் நிறுவப்பட்டது. 1986இலும் 1989இலும் மத்திய மலைநாட்டில் நிகழ்ந்த பெரும் மண்சரிவுகளின் பின்னர், 1990இல், ஐக்கிய நாடுகளின் உதவியுடன் மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் பணி தொடங்கிற்று. பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் முதலிலே தெரிவுசெய்யப்பட்டன. பின்னர் அப்பணி ஏனைய மலை மாவட்டங்களுக்கும் விரிந்தது. நிலத்தின் சாய்வு, பாறையின் இயல்பு, மேன்மண்ணின் ஆழம், நீரோட்டம், நிலப் பயன்பாடு ஆகியவற்றைத் துருவி ஆராய்ந்து, எந்தச் சரிவு ஆபத்தானது என்பதை அறிஞர் குறித்து வைத்தனர். எச்சரிக்கைக்கு மழையளவும் வகுக்கப்பட்டது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழித்திருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால், உடனே வெளியேறுதல் வேண்டும்.

சரியும் மலையைத் தடுத்து நிறுத்தும் தொழில்நுட்பமும் நமக்குப் புதிதன்று. 1992இல் வட்டவளையில் மலைநாட்டுப் புகையிரதப் பாதை மண்சரிவுக்கு உள்ளாயிற்று. நிலத்தினுள்ளே துளைகளிட்டு, தேங்கிநின்ற நீரை வெளியே வடித்து அச்சரிவை நிலைப்படுத்தினர். மண்ணின் நுண்டுளைகளிலே நீர் நிறையும்பொழுது மண்ணின் பிடிப்புத் தளர்கின்றது. அந்நீருக்கு வழி காட்டினால் மலை நிற்கின்றது. தோட்டத்துத் தொழிலாளிக்கு இவ்வுண்மை பல்கலைக்கழகம் கற்பித்துத் தெரியவேண்டியதொன்றன்று. 'கான் வெட்டு' என்பது தோட்டத்தின் பழைய தொழில்களுள் ஒன்று. தேயிலை மலையின் குறுக்கே கான்களை வெட்டி, தூர்ந்தவற்றைத் திருத்தி, நீரை ஓடைக்கு வழிப்படுத்தியவர்கள் அவர்களே. அக்கான்கள் கவனிப்பாரற்றுத் தூர்ந்துபோகும் இடங்களில் மழைநீர் மண்ணுள்ளே இறங்குகின்றது. ஆட்குறைப்பினால் தோட்ட முகாமை மிச்சப்படுத்தும் கூலி, மலையின் மேலே ஆபத்தாகத் தேங்கிநிற்கின்றது.

இவ்வளவு அறிவும் இருந்தும் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையிற் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நேர்ந்ததை நாம் மறத்தலாகாது. சில நிமிடங்களுள் லயங்கள் சேற்றினுள் மறைந்தன. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. பாடசாலைக்குச் சென்றிருந்தமையாற் பிழைத்த பிள்ளைகள் சிலர் மாலையில் திரும்பிவருவதற்கு வீடும் இருக்கவில்லை, பெற்றோரும் இருக்கவில்லை. அவ்விடம் ஆபத்தானது, குடியிருப்போரை அகற்றுதல் வேண்டும் என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்திருந்தது என்பது பின்னர் நாடறிந்த செய்தியாயிற்று.

எச்சரித்தோம், அவர்கள் போகவில்லை என்று கூறியோரும் உளர். எங்கே போவது என்னும் வினாவை அவர்கள் தம்மைத் தாமே கேட்டாரல்லர். தோட்டத்து வீட்டை விட்டு வெளியேறும் தொழிலாளிக்குக் கையிலே காணியுறுதி இல்லை. விற்பதற்கு நிலம் இல்லை. வங்கியிற் கடன் பெறுவதற்கு ஈடு இல்லை. வேலை அந்த மலையிலேதான். மாற்றிடம் காட்டாத எச்சரிக்கை, பொறுப்பை எழுதியவனின் மேசையிலிருந்து கேட்டவனின் தலைக்கு மாற்றும் ஒரு கடிதமாகவே முடிகின்றது. உயிர்தப்பியோர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் ஏறத்தாழ ஈராண்டு காத்திருந்தனர். பூனாகலைப் பகுதியில் அவர்களுக்கெனக் கட்டப்பட்ட 75 வீடுகள் 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே கையளிக்கப்பட்டன. 2005இல் முதல் எச்சரிக்கை வந்தபொழுதே இவ்வீடுகளைக் கட்டியிருத்தல் இயலாதா? சாவின் பின்னர் கிடைத்த நிலம் சாவின் முன்னர் ஏன் கிடைக்கவில்லை என்பதே மீரியபெத்தை வரலாற்று மாணவனிடம் கேட்கும் கேள்வி.

4

இனி மானியங்களைப் பற்றி நோக்குவோம். 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின்னர், 2005இல், 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. சனாதிபதி தலைமையிலே தேசிய பேரவையும், அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் தோன்றின. ஒவ்வோர் அமைச்சும், திணைக்களமும், அரச கூட்டுத்தாபனமும் தனக்கென அனர்த்த முகாமைத்துவத் திட்டம் ஒன்றை வகுத்தல் வேண்டும் என்று சட்டம் விதித்தது. நல்ல விதி என்பதில் ஐயமில்லை. ஆயின் ஆபத்தான சரிவுகளை நாளாந்தம் ஆளுகின்ற தோட்டக் கம்பனி அமைச்சுமன்று, திணைக்களமுமன்று, 1992இன் பின்னர் கூட்டுத்தாபனமுமன்று. திட்டத்தின் வலை விரிக்கப்பட்டபொழுது மிகப் பெரிய கண் இவ்விடத்திலேயே விடப்பட்டது.

2016, 2017ஆம் ஆண்டுகளின் அனர்த்தங்களின் பின்னர், மண்சரிவு அபாயத்தில் உள்ளோர் வேறிடஞ் செல்வதற்கு அரசு மானியம் அறிவித்தது. காணி வாங்க நான்கு இலட்சம் ரூபா, வீடு கட்டப் பன்னிரண்டு இலட்சம் ரூபா. டித்வாவின் பின்னர் முற்றாக இழந்த வீட்டுக்கு ஐம்பது இலட்சம் ரூபா வரை என்று தொகை உயர்ந்தது. இவ்வுயர்வை நாம் வரவேற்கின்றோம். ஆனால் இத்தகைய திட்டங்கள் யாவும் உரிமையாளனாகிய ஒரு குடியானவனை மனத்திற் கொண்டே வகுக்கப்படுகின்றன. அவனுக்கு வீடு சொந்தம். கிராமத்திற் காணி விற்பார் உளர். பிரதேச செயலகத்திலே பதிவு உண்டு. தோட்டத்திலோ சுற்றிலும் பத்து மைலுக்கு நிலமெல்லாம் குத்தகை நிலம். விற்பாரும் இல்லை, வாங்க உரியாரும் இல்லை. பணம் வந்தாலும் மண் வராது.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவில், 1988ஆம் ஆண்டின் ஸ்ரஃபோர்ட் சட்டம் அனர்த்தத் தணிப்புக்கெனத் தனி மானியத்தை ஏற்படுத்திற்று. 2000ஆம் ஆண்டின் சட்டம், முற்கூட்டியே தணிப்புத் திட்டம் வகுத்த மாநிலங்களுக்கும் உள்ளூராட்சிகளுக்குமே அம்மானியம் உரியது என்றது. தணிப்புக்குச் செலவிடும் ஒவ்வொரு டொலரும் பின்னர் ஏற்படக்கூடிய நட்டத்தில் நான்கு டொலரை மிச்சப்படுத்துகின்றது என்று 2005இல் அங்கே வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. முன்னே திட்டம், பின்னே பணம் என்னும் இவ்வொழுங்கிலே நாம் கற்கவேண்டியது உண்டு. ஆயினும் அங்கும், காக்கப்படும் சொத்தின் பெறுமதியைக் கொண்டு பயனை அளப்பதால், விலையுயர்ந்த வீட்டின் முன்னே ஏழையின் குடில் கணக்கிலே தாழ்ந்துபோகின்றது என்னும் கண்டனம் எழுந்துள்ளது. முதலாளித்துவ உலகின் கணக்குப் புத்தகம் எந்த மொழியில் எழுதப்பட்டாலும் உயிருக்கு ஒரு நிரல், சொத்துக்கு ஒரு நிரல் என்று எழுதி, இரண்டாவதையே முதலிற் கூட்டுகின்றது.

நம் நாட்டில் மானியத்தின் குறை கடனால் நிரப்பப்படுகின்றது. மண்சரிவுத் தணிப்பு வேலைகளுக்காக 2019இல் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி எண்பது மில்லியன் டொலர் கடன் வழங்க இசைந்தது. பாதைகளும் புகையிரத வழிகளும் பாடசாலைகளும் காக்கப்படுதல் அவசியமே. ஆனால் கடன் பெற்ற பணம் எப்பொழுதும் வருவாய் தரும் இடத்தையே முதலில் நாடும். வட்டவளையிற் புகையிரதத்துக்குக் கிடைத்த வடிகால், அதனருகே தேயிலைக் கொழுந்து பறிப்பவளின் லயத்துக்கு எப்பொழுது கிடைக்கும்? ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்தின்போதும் கேட்கப்படவேண்டிய வினா இது.

5

இவ்வரலாற்றினின்றும் பெறப்படும் முடிவு ஒன்றே. மலையகத்தில் அனர்த்தத் தணிப்பின் முதற்படி காணியுரிமை. வடிகாலும் தாங்குசுவரும் மழைமானியும் அதன் பின்னரே தம் முழுப் பயனைத் தரும். அண்மைய ஆண்டுகளில் ஏழு பேர்ச் காணியுடன் தனி வீடு என்னும் கொள்கை ஏற்கப்பட்டதும், இந்திய அரசின் மானியத்தில் வீடுகள் எழுந்ததும் இத்திசையிலே வைக்கப்பட்ட அடிகள். எனினும் தோட்டக் குடும்பங்களுட் பெரும்பகுதியினர் தாம் பரம்பரையாக வாழும் நிலத்துக்கு உறுதி பெற்றிலர். உறுதி வழங்கும்பொழுதும் அது எந்நிலத்துக்கு வழங்கப்படுகின்றது என்பது முக்கியம். அபாய வரைபடத்திலே சிவந்து கிடக்கும் நிலத்தை ஒருவனுக்கு எழுதிக்கொடுத்தல், அவனது மரணத்தை அவனுக்கே உரிமையாக்குவதாகும். தேயிலை நன்கு வளரும் பாதுகாப்பான நிலத்திலே ஒரு பகுதியைக் குடியிருப்புக்கு விடுவிக்கக் கம்பனிகளைக் கட்டாயப்படுத்தும் துணிவு அரசுக்கு வேண்டும். இருநூறாண்டுக்கு முன்னே நிலம் பங்கிடப்பட்ட முறையை மாற்றாமல் மண்சரிவைத் தணித்தல் இயலாது.

இரண்டாவதாக, தணிப்புக்கான ஒதுக்கீடு நிவாரணத்துக்கான ஒதுக்கீட்டினின்றும் பிரிக்கப்படுதல் வேண்டும். நிவாரணம் மழையின் பின்னே வருவது. புகைப்படமும் கைகுலுக்கலும் அதற்குத் துணை. தணிப்போ எவரும் பாராத வேளையிலே, வெயிற் காலத்திலே, ஒரு கானைத் திருத்துவதாகவும் ஒரு லயத்தை இடம்பெயர்ப்பதாகவும் நிகழ்வது. அதன் வெற்றி ஒன்றும் நிகழாமையே. ஆதலின் அரசியல்வாதிக்கு அதிலே ஆர்வம் குறைவு. மக்களின் அமைப்புகளே அதை வற்புறுத்துதல் வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வுக்காகக் காட்டும் ஊக்கத்திற் சிறு பங்கையேனும் இதற்குச் செலவிடுமாயின், ஒவ்வொரு டிவிசனுக்கும் எழுத்து வடிவிலே ஒரு திட்டமும், அதற்கொரு காலக்கெடுவும், அதற்குப் பொறுப்பான ஓர் அலுவலரும் கிடைத்தல் அரிதன்று.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதிலே கடமை உண்டு. அபாய வரைபடம் பிரதேச செயலகத்தின் அலுமாரியிலே சுருண்டு கிடத்தலாற் பயனில்லை. அது தமிழிலே விளக்கம் பெற்று, தோட்டப் பாடசாலையின் சுவரிலே விரிந்து தொங்குதல் வேண்டும். நூற்றைம்பது மில்லிமீற்றர் என்றால் என்ன என்பதை, மழையை அளந்து எழுதும் மாணவி தன் வீட்டாருக்கு எடுத்துச் சொல்லக்கூடியவளாதல் வேண்டும். ஊற்றுநீர் திடீரெனக் கலங்குவதும், மரம் சாய்வதும், நிலத்திலே வெடிப்புத் தோன்றுவதும் மலை முன்கூட்டிச் சொல்லும் செய்திகள் என்பதை அவள் அறிதல் வேண்டும். அதனோடு, தன் லயம் ஏன் அவ்விடத்திலே கட்டப்பட்டது என்னும் வரலாற்றையும் அவள் கற்றல் வேண்டும். முன்னையது அவளை ஓர் இரவிற் காப்பாற்றக்கூடும். பின்னையது, அப்படி ஓர் இரவு வருவதற்கு முன்னரே தன் மக்களுக்குரிய நிலத்தைக் கேட்டுப்பெறும் அறிவையும் துணிவையும் அவளுக்கு அளிக்கும்.